இணைப்புக் கொடுப்பது யார்?

கேள்வி: தனியார் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் ஆய்வகத்தில் தனியாக ஒரு சோதனை செய்யச் சொன்னால் கை நடுங்குகிறது. அரசுக் கல்லூரியில் படிக்கும் நண்பன், "பணம் கட்டிப் பட்டம் வாங்குகிறாய்" என்கிறான். கணினித் துறைக்கு மாறிவிடலாமா?

பதில்: நண்பர் பேச்சை ஒதுக்கிவையுங்கள். மின்சுற்றுகளுக்குக் கிர்ச்சாஃப் 1845-இல் சொன்ன விதிகள் எல்லா வளாகத்திலும் ஒன்றுதான். என்னை யோசிக்க வைத்தது உங்கள் கை நடுக்கம். பெரும்பாலான ஆய்வகங்களில் ஒரு மேசைக்கு நான்கைந்து பேர். ஒருவர் இணைப்புக் கொடுப்பார், ஒருவர் மீட்டரைப் பார்த்துச் சொல்வார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். நீங்கள் எழுதிக்கொள்ளும் அணி என்று நினைக்கிறேன். கையெழுத்து அழகாக இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

டி.சி. ஷண்ட் மோட்டாரைத் தொடங்கும்போது புலச் சுற்றில் (காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளின் சுற்று) உள்ள ரியோஸ்டாட், அதாவது கூட்டிக் குறைக்கக்கூடிய தடை, குறைந்தபட்சத்தில் இருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஏன்? அங்கே தடை குறைந்தால் புல மின்னோட்டம் கூடும், காந்தப்புலம் வலுக்கும், மோட்டார் அடக்கமான வேகத்தில் ஓடும். ஓட்டத்தின் நடுவே புலச் சுற்றுக் கம்பி கழன்றுவிட்டால், சுமையில்லாத மோட்டார் தறிகெட்டு வேகம் பிடிக்கும். இது புரிந்தவர் அந்த முனையை இருமுறை முடுக்கிப் பார்ப்பார். அந்த அளவு பயம் இருக்கட்டும், நல்லதுதான்.

கை பழகச் சிறிய மின்னழுத்தத்தில் தொடங்குங்கள். 1 மெகா ஓம் தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து 10 வோல்ட் கொடுங்கள். நடுப்புள்ளியில் கணக்குப்படி 5 வோல்ட். ஆனால் 10 மெகா ஓம் உள்தடை உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் சுமார் 4.76 காட்டும். மீட்டர் பழுதில்லை. அளக்க வந்த அதுவும் ஒரு தடையாகச் சுற்றில் சேர்ந்துகொண்டது. தெவெனின் தடையை (மீட்டர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மொத்தச் சுற்றுக்கும் ஈடான ஒற்றைத் தடை) அரை மெகா ஓம் என்று வைத்து 5-ஐ 10/10.5 ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். தேர்வுக்காகப் படித்த தேற்றம் அப்போது உங்கள் கைக்கு வந்துவிடும்.

நீங்கள் கட்டும் பணத்தில் ஆய்வகத்துக்கும் பங்கு உண்டு. வகுப்பு முடிந்தபின் அதைத் திறந்துவைக்கும்படி நான்கைந்து பேராகச் சேர்ந்து துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுங்கள். சில வளாகங்களில் புதுக் கருவிகள் அலமாரியில் பூட்டியே கிடக்கும், ஆய்வுக் குழு வரும் நாளில்தான் வெளிச்சம் காணும். ஆய்வக உதவியாளரிடமும் பழகுங்கள். எந்த முனை தளர்ந்திருக்கிறது என்பது பேராசிரியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

துறை மாறுவதா? நிரல் எழுதுவதில் உண்மையான ஆசை இருந்தால் மாறுங்கள். மோட்டாருக்குப் பயந்து மாறாதீர்கள். இங்கேயும் நிரலுக்குப் பஞ்சமில்லை, மின்தொகுப்பில் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் பாயும் என்று பார்க்கும் சுமைப்பாய்வுக் கணக்கே கணினியில்தான் நடக்கிறது. கலப்பெண்களிலும் லாப்லாஸ் மாற்றம் என்ற கணித முறையிலும் தடுமாற்றம் இருந்தால் மட்டும் இந்த விடுமுறையிலேயே சரிசெய்யுங்கள், கட்டுப்பாட்டுப் பொறியியலில் அவை விடாமல் துரத்தும்.

அடுத்த ஆய்வக வகுப்பில் குறிப்பேட்டை நண்பரிடம் கொடுத்துவிட்டுக் கம்பிகளை நீங்கள் எடுங்கள். சுவிட்சைப் போடுமுன் ஆசிரியரை அழைத்து இணைப்பைக் காட்டிவிடுங்கள்.