எக்ஸ்போசிதோ என்றொரு பெயர்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் மாட்ரிட்காரர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருடமாகத் தினமும் பேசிக்கொள்கிறோம். அவருடைய குடும்பப் பெயர் எக்ஸ்போசிதோ. போன வாரம் பேச்சுவாக்கில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ‘தூக்கி எறியப்பட்டவன்’ என்றார். அவருடைய முன்னோரில் யாரோ அநாதை விடுதியில் வளர்ந்தவராம். சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ள வழி இருந்தும் வீட்டில் ஒருவரும் மாற்றவில்லையாம். இந்த அவமானத்தை ஏன் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறார்கள்? நான் கேட்டது அவரைப் புண்படுத்தியிருக்குமோ என்றும் உறுத்துகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அர்த்தத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் நண்பர் சொன்னது பேச்சுவழக்கில் சரிதான், ஆனால் சொல்லுக்குள் ‘எறிதல்’ இல்லை. ‘எக்ஸ்போசிதுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இந்தப் பெயர். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘பொனெரே’ என்றால் வைப்பது. வெளியே வைக்கப்பட்டவர், அவ்வளவுதான். நிஜமாகவே ‘எறியப்பட்டவர்’ என்று பொருள்படும் பெயர் ரோமில் உண்டு: புரொயெத்தி. அதுவும் கண்டெடுத்த குழந்தைகளுக்கு வைத்த பெயர்தான். எறிவதற்கும் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பச்சைக் குழந்தையை ஒருத்தி எங்கே, எப்படி வைத்தாள் என்பதில்தான் இந்தப் பெயரின் கதை முழுவதும் இருக்கிறது.

பார்சிலோனாவின் பழைய பகுதியில் ரமெயேரஸ் என்றொரு குறுகிய தெரு. அங்கே ஒரு பழைய தர்ம விடுதிச் சுவரில் வட்டமான மரச்சட்டம் போட்ட திறப்பு ஒன்றை இன்றும் பார்க்கலாம். பக்கத்தில் காணிக்கைக் காசு போட ஒரு சின்னத் துளை. சுவருக்குள் சுழலும் உருளை இருந்தது. ஸ்பானிய மொழியில் அதற்கு ‘தோர்னோ’ என்று பெயர். குழந்தையை அதில் கிடத்தித் திருப்பினால் அது உள்ளே போய்விடும். உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவரின் முகம் தெரியாது. இந்தத் தோர்னோ 1931 வரை புழக்கத்தில் இருந்திருக்கிறது. நான் அந்தத் தெருவில் வெகுநேரம் நின்றேன். அந்தத் திறப்பு என் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. குழந்தையைக் கையில் ஏந்தி நிற்பவர் குனிய வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும்.

மாட்ரிட்டில் இருந்த விடுதிக்கு ‘இன்க்ளூசா’ என்று பெயர். நெதர்லாந்தில் போரிட்ட ஸ்பானியச் சிப்பாய் ஒருவர் எங்க்ஹவுசன் என்ற ஊரிலிருந்து ஒரு மாதா படத்தைக் கொண்டுவந்தார், அந்த ஊர்ப்பெயர் மாட்ரிட்காரர்கள் வாயில் திரிந்து இன்க்ளூசா ஆனது என்று சொல்வார்கள். பிறகு நாடு முழுக்க இப்படிப்பட்ட எல்லா விடுதிகளுக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது.

அங்கே விடப்பட்ட குழந்தைகள் எல்லாம் தகாத உறவில் பிறந்தவை என்று ஊர் நினைத்தது. ஆவணங்களைப் படித்த வரலாற்றாய்வாளர்கள் வேறு கதை சொல்கிறார்கள். முறையாகத் திருமணமான ஏழைப் பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளும் ஏராளம். விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறிய வருடங்களில் வரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் ஏறியது. பலருடைய துணியில் ஒரு சீட்டு செருகியிருக்கும்: ஞானஸ்நானம் ஆகிவிட்டது, பெயர் இன்னது, பிறகு வந்து அழைத்துக்கொள்வோம். அடையாளத்துக்கு நாடாத் துண்டு, பதக்கம், பாதியாகக் கிழித்த படம். மறுபாதி அம்மாவிடம் இருக்கும். இதையெல்லாம் யோசித்தால் ‘தூக்கி எறியப்பட்டவன்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, இது ஏன் குடும்பப் பெயரானது? ஸ்பானியக் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி தந்தையைச் சொல்பவை. ரொத்ரிகோவின் மகன் ரொத்ரிகேஸ், ஃபெர்னாந்தோவின் மகன் ஃபெர்னாந்தேஸ். தந்தை பெயர் தெரியாத குழந்தைக்குப் பதிவேட்டில் என்ன எழுதுவது? எழுத்தர் அதன் நிலையையே எழுதிவிட்டார். கத்தலோனியாவில் ‘தெயுலொஃபெயு’ என்றொரு பெயர் உண்டு, ‘கடவுள் ஆக்கியவன்’ என்று பொருள். கால்பந்து பார்ப்பவர்கள் ஜெரார்டு தெயுலொஃபெயுவை அறிந்திருப்பார்கள். மிலானில் மருத்துவமனையின் சின்னமான புறாவைக் கொண்டு கொலொம்போ என்று வைத்தார்கள். இணையப் பட்டியல்களை நம்பி இக்லேசியாஸ், சாந்தா மரியா என்று கோயில் வாசனையுள்ள பெயர்களை எல்லாம் அநாதைப் பெயர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவற்றில் நிறைய வெறும் ஊர்ப்பெயர்கள்.

நீங்கள் சொல்லும் அவமானம் உண்மையில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அப்பன் பெயர் தெரியாதவனுக்குத் கைவினைஞர் சங்கங்களில் இடமில்லை, நல்ல சம்பந்தம் கிடைக்காது. 1794இல் மன்னர் நான்காம் கார்லோஸ் ஓர் ஆணை போட்டார். பெற்றோர் தெரியாத குழந்தைகள் அனைவரும் முறையாகப் பிறந்தவர்களாகவே கருதப்படுவார்கள், அவர்களை ‘முறைதவறிப் பிறந்தவன்’ என்று ஏசுபவர் தண்டிக்கப்படுவார் என்றது அந்த ஆணை. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும் ஆவணம் அது. ஊர் வாயை ஓர் ஆணை அடைத்துவிடாது என்பதும் உண்மை. அதனால்தான் 1921இல் இந்தப் பெயரைக் கட்டணமில்லாமல் மாற்றிக்கொள்ளச் சட்டம் வந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் எக்ஸ்போசிதோ என்ற பெயரைக் குறிப்பிட்டே அந்த வசதியைத் தொடர்ந்தது. இத்தாலியில் இதே பெயர் எஸ்போசிதோ. நேப்பிள்ஸை ஆண்ட யோவாக்கிம் முராவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அப்படிப் பெயர் வைப்பதைத் தடை செய்தார். ஆனால் ஏற்கெனவே வைத்த பெயர் பெருகிக்கொண்டே போனது. இன்று நேப்பிள்ஸில் தடுக்கி விழுந்தால் ஓர் எஸ்போசிதோ மேல்தான் விழ வேண்டும்.

ஸ்பெயினில் அவ்வளவு இல்லை. இருந்தாலும் பல்லாயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள், கானரித் தீவுகளில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். அடுத்த தலைமுறைக்கு வழக்கமாகப் போவது முதல் பெயர் மட்டுமே. ஆகவே விடுதியில் வளர்ந்த ஒரு பெண்ணின் எக்ஸ்போசிதோ, பிள்ளைகளுக்கு இரண்டாம் பெயராகி, பேரப்பிள்ளைகளிடம் காணாமல் போய்விடும். தாயின் பெயரை முன்னால் வைக்க 1999இல்தான் சட்டம் வழிவிட்டது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த விடுதிகளில் குழந்தைகள் ஈசல்போல் செத்தன. 18ஆம் நூற்றாண்டு மாட்ரிட் இன்க்ளூசாவில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. ஒரே தாதியிடம் இரண்டு மூன்று குழந்தைகள் பால் குடித்தன. பால்தாதி கிடைக்காமல் கிராமங்களுக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே இறந்த குழந்தைகள் உண்டு. அந்தப் பதிவேட்டில் எக்ஸ்போசிதோ என்று எழுதப்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் அடிக்கப்பட்டுவிட்டன. உங்கள் நண்பரின் பெயர், அடிக்கப்படாமல் தப்பிய ஒரு பெயர். யாரோ ஒரு கிராமத்துத் தாதியிடம் பால் குடித்து வளர்ந்து, வேலை கற்று, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்ற ஒருவர் அவருடைய வம்சத்தின் தொடக்கத்தில் நிற்கிறார். என் முன்னோர் அப்படி ஒருவராக இருந்தால் நானும் அந்தப் பெயரை மாற்ற மாட்டேன்.

அவரைக் கேட்டது தப்பில்லை என்றே நினைக்கிறேன். மறைக்க நினைப்பவர் அர்த்தத்தைச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு விருப்பம் என்று தெரிந்தால், எந்த ஊர் விடுதி என்று அடுத்த முறை கேட்டுப்பாருங்கள். மாட்ரிட் இன்க்ளூசாவின் பதிவேடுகள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. குழந்தை வந்த நாள், உடுத்தியிருந்த துணி, கூட ஏதேனும் சீட்டு இருந்ததா என்பதெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். சில இடங்களில் அந்தச் சீட்டே பக்கத்தோடு குத்திவைத்திருக்கும்.