நன்றாக ஓடும் பழைய ஃபிரிட்ஜை மாற்றலாமா?

பழைய ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறது, கரண்ட் மிச்சமாகும் என்று புதிது வாங்கலாமா, மனசு வரவில்லை என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிளக்கில் செருகும் மின் அளவியை ஒரு வாரம் மாட்டி வையுங்கள். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் ஒரு மணி நேர அளவை நம்ப முடியாது. வந்த யூனிட்டை 52-ஆல் பெருக்கி, புதியதன் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டைக் கழித்து, மீதியை யூனிட் கட்டணத்தால் பெருக்கினால் வருடச் சேமிப்பு. விலையை அதால் வகுத்து 10 வருடத்துக்கு மேல் வந்தால், என்னைக் கேட்டால் மாற்ற வேண்டாம்.

அதற்கு முன் கதவு ரப்பர். இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் குளிர் வெளியே கசிகிறது என்று அர்த்தம்; ரப்பரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

மிக்சிக்கெல்லாம் இந்தக் கணக்கே வேண்டாம், ஓடுவதே சில நிமிடம்தான். அப்புறம், புதிது வாங்கிவிட்டுப் பழையதையும் 'இருக்கட்டும்' என்று ஓட்டினால் பில் ஏறத்தான் செய்யும்.