சிசேரியன் தழும்பில் மாதாமாதம் வீங்கும் கட்டி

காரைக்குடி அருகே கோட்டையூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வயது 31. சிசேரியன் ஆகி 4 வருடம். தழும்பின் இடது ஓரத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. தீட்டு வருவதற்கு இரண்டு நாள் முன்பு வீங்கி, சேலை பட்டாலே வலிக்கிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. ஒரு டாக்டர் தையல் நூல் கட்டி என்கிறார், இன்னொருவர் குடலிறக்கம் என்கிறார். ஆத்தா விளக்கெண்ணெய் ஒத்தடம் போதும் என்கிறார்கள். அடுத்த குழந்தைக்கும் யோசிக்கிறோம். என்ன செய்வது?"

கட்டி வீங்கும் தேதியைக் கவனித்திருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். நூல் கட்டி மாதவிடாயைப் பார்த்து வீங்காது. குடலிறக்கம் இருமினால், முக்கினால் புடைக்கும். படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். உங்களுக்குத் தழும்பில் வரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிசேரியனின்போது கருப்பையின் உட்சவ்வுத் திசு கொஞ்சம் வயிற்றுச் சுவரில் தங்கி வளர்ந்துவிடுகிறது. ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் மாதாமாதம் கசியும். வெளியேற வழியில்லாததால் வீங்கும். சில வருடம் கழித்துத் தலைகாட்டுவதும் வழக்கம்தான். எல்லோருக்கும் இப்படித் தேதி தவறாமல் வருவதில்லை. சிலருக்கு வலி எந்நேரமும் இருக்கும், டாக்டர்கள் தவறவிடுவதும் அதனால்தான்.

முதலில் அல்ட்ராசவுண்ட். வெறுமனே 'வயிறு ஸ்கேன்' என்று எழுதி வாங்காதீர்கள். கருப்பையையும் சினைப்பையையும் பார்த்து நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். தழும்புக் கட்டியைப் பார்க்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வலி இருக்கும் நாளில் போய், இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். ஆழம் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ. ஊசியில் திசு எடுப்பதாக இருந்தால், குடலிறக்கம் இல்லை என்று உறுதியான பிறகுதான். சினைப்பைப் புற்று போன்றவற்றுக்குப் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை இங்கே உதவாது, காசுக்குத்தான் கேடு.

உறுதியானால் அறுவை சிகிச்சைதான் தீர்வு. சுற்றிலும் சுமார் 1 செ.மீ. நல்ல திசுவோடு, தசை உறையில் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தால் மறுபடி வரலாம். பெரிதாக வெட்டி எடுத்தால் வயிற்றுச் சுவரைத் தாங்க வலை (மெஷ்) வைத்துத் தைக்க நேரும். இப்போதைய அளவுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. தோலடியோடு நிற்காமல் தசைக்குள் போயிருந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜிக்கோ போவது நல்லது. புற்றாக மாறுவது மிக அபூர்வம். ஆனாலும் எடுத்த திசுவைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

டையனோஜெஸ்ட் 2 மி.கி. என்ற ஹார்மோன் மாத்திரை வலியை அடக்கும், நிறுத்தினால் பழையபடி வரும். குழந்தைக்கு முயலும்போது சாப்பிடவும் கூடாது. தழும்புக் கட்டி மட்டும் கர்ப்பத்தைத் தடுக்காது. ஆனால் மாதவிடாயில் கடும் வயிற்றுவலியோ தாம்பத்தியத்தில் வலியோ இருந்தால் உள்ளேயும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், மகப்பேறு மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கருத்தரிப்பதற்கு முன்பே கட்டியை எடுத்துவிட்டு, எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவரைக் கேளுங்கள். ஆத்தா சொல்லும் ஒத்தடம் இதமாக இருக்கும், கட்டியைக் கரைக்காது.

இந்தத் திசு தொப்புளிலும் வரும், அங்கே மாதவிடாயோடு ரத்தம் கசியும். நுரையீரல் பக்கம் போனால், மாதவிடாய் நாட்களில் பெரும்பாலும் வலது மார்பில் வலியும் மூச்சுத்திணறலும் வரும், சிலருக்கு சளியில் ரத்தமும். நம் ஊரில் அதற்கு முதலில் காசநோய் பரிசோதனை செய்வது சரிதான். கூடவே மாதவிடாய்த் தேதியையும் சொல்லுங்கள். மூச்சு திடீரென்று திணறினால் தேதி பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.