ஸ்டியரிங் இல்லாத பஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நகரப் பேருந்துச் சேவையில் தானாக ஓடும் மின்சாரச் சிற்றுந்துகளைச் சோதித்துப் பார்ப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவில் இருந்தபடியே தலை நரைத்தவன் நான். பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓட்டுநர் இல்லாத பஸ் என்கிறீர்கள். படத்தில் சீருடை போட்ட ஒருவர் உள்ளே நிற்கிறாரே, அவர் யார்?

பதில்: அவர்தான் ஓட்டுநர். ஸ்டியரிங்கை மட்டும் பிடுங்கிவிட்டார்கள். ஏட்டில் அவருக்குப் பாதுகாப்புப் பணியாளர் என்று பெயர். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு கைக்கருவி அவரிடம் இருக்கும், எட்டும் தூரத்தில் சிவப்பு நிறுத்தப் பொத்தானும் உண்டு. தடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றால் பஸ் அதன் பின்னால் பொறுமையாக நிற்கும். இவர் கருவியை எடுத்து, காரைச் சுற்றி ஓட்டிப் போய், மறுபடி தடத்தில் விட வேண்டும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே 2023 மே மாதம் பயணிகளை ஏற்றத் தொடங்கிய சோதனை இன்னும் வேடிக்கை. அது சிற்றுந்து அல்ல, முழு அளவு டீசல் பஸ். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், பயணிகளைக் கவனிக்க இன்னொருவர். ஆளில்லா பஸ்ஸுக்கு இரண்டு ஆள்! சோதனைக் காலத்தில் இப்படி இருப்பதில் தப்பில்லை. விளம்பரத்தில் மட்டும் அந்த இருவரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

கேள்வி: இந்த வண்டி சாலையை எப்படிப் பார்க்கிறது? (பொறியியல் மாணவி)

பதில்: கண் இருக்கிறது, ஆனால் வழியை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிட்டு வருகிறது, அம்மா. பிரெஞ்சு நிறுவனங்களான நாவ்யாவும் ஈசிமைலும் 2014இல் தொடங்கப்பட்டவை. நீங்கள் படங்களில் பார்க்கும் பெட்டி வடிவ வண்டிகள் பெரும்பாலும் இவர்களுடையவைதான். சேவை தொடங்குமுன் அந்தப் பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டி, சுவர், கம்பம், நடைபாதை விளிம்பு எல்லாவற்றையும் லைடாரால் அளந்து ஒரு வரைபடம் செய்வார்கள். லைடார் என்பது லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடும் கருவி. பிறகு துல்லியமான ஜிபிஎஸ், சக்கரம் சுற்றிய கணக்கு, லைடார் மூன்றையும் ஒப்பிட்டு, சில சென்டிமீட்டர் பிசகுக்குள் அதே கோட்டில் ஓடும். கண்ணுக்குத் தெரியாத தண்டவாளம் போட்ட மாதிரி.

சிக்கல் எங்கே வரும் என்றால், வரைபடம் எடுத்த நாளில் இல்லாதது எதுவும் வண்டிக்குப் புதுசுதான். சாலையோரப் புல் வளர்ந்து தடத்துக்குள் தலையை நீட்டினால் போதும், நின்றுவிடும். காற்றில் உருளும் சருகு, கொட்டும் மழை, பனித்தூவல் எல்லாமே லேசருக்குத் தடையாகத் தெரியலாம். நம் ஓட்டுநர் சருகைப் பார்த்தால் சருகு என்று போய்விடுவார். வண்டிக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. இருப்பதைத் தவறவிடுவதும் நடக்கும். சுவிட்சர்லாந்தின் சியோன் நகரில் 2016 செப்டம்பரில், நின்றிருந்த வேனின் திறந்த பின்கதவில் ஒரு சிற்றுந்து உரசியது. யாருக்கும் காயமில்லை, சோதனை சில நாள் நின்றது.

கேள்வி: இருபது கிலோமீட்டர் வேகம்கூடப் போகாதாமே? நடந்தே போய்விடலாமே!

பதில்: போகலாம், முழங்கால் ஒத்துழைத்தால். அது சரி, வேகத்தை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறார்கள் தெரியுமா? முக்கியமான காரணம் பிரேக். (எச்சரித்தேன் அல்லவா!)

அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 2020 பிப்ரவரியில் ஓர் ஈசிமைல் வண்டி சட்டென்று நின்றது. அப்போது அதன் வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர்தான், சைக்கிளைவிடக் குறைவு. இருக்கையில் உட்கார்ந்திருந்த பயணி தரையில் விழுந்தார். நின்றுகொண்டிருந்தவர் அல்ல, உட்கார்ந்திருந்தவர்! உடனே அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 10 மாநிலங்களில் இந்த வண்டிகள் பயணிகளை ஏற்றக் கூடாது என்றது. கொலம்பஸில் அது மறுபடி ஓடியபோது சுமந்தது ஆட்களை அல்ல, உணவுப் பெட்டிகளை.

11 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் மூன்று மீட்டர். அதை ஒரு நொடியில் பூஜ்யமாக்கினால் வண்டி ஒன்றரை மீட்டரில் நின்றுவிடும். மோதலைத் தவிர்க்க அருமையான கணக்கு. உள்ளே இருப்பவர் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாதே. பழகிய ஓட்டுநர் நூறடி முன்னாலேயே கூட்டத்தைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், பிரேக்கை அழுத்தியது யாருக்கும் தெரியாது. இந்த வண்டிகளில் நான் ஏறிப் பார்த்தபோது எனக்குப் பட்ட குறையும் இதுதான்: நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்கிறது, நிற்கப் போகிறேன் என்று உடம்புக்குச் சொல்லாமல் நிற்கிறது.

கேள்வி: விபத்து என்றால் யார் தலையில் விழும்?

பதில்: லாஸ் வேகாஸ் கதையைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். 2017 நவம்பர் 8. நாவ்யா சிற்றுந்து பொதுமக்களை ஏற்றத் தொடங்கிய முதல் நாள். முன்னால் ஒரு சரக்கு லாரி சந்துக்குள் போக ரிவர்ஸ் எடுத்து மெதுவாகப் பின்னால் வருகிறது. சிற்றுந்து அதைக் கண்டுகொண்டு விதிப்படி நிற்கிறது. லாரி வந்துகொண்டே இருக்கிறது. சிற்றுந்து நின்றுகொண்டே இருக்கிறது. லாரியின் முன் சக்கரப் பக்கம் இதன் முகத்தில் இடித்தது.

வண்டி தப்பாக எதுவும் செய்யவில்லை என்று அப்போது பலர் எழுதினார்கள். ஆனால் எதுவுமே செய்யவில்லை என்பதுதான் குறை. நம் ஆளாக இருந்தால் ஹாரனை ஓர் அமுக்கு அமுக்கியிருப்பார், இல்லாவிட்டால் பின்னால் எடுத்திருப்பார். பணியாளர் உள்ளே இருந்தார்தான், ஆனால் கைக்கருவி மூடிய பெட்டிக்குள் இருந்தது. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதல் காரணமாகச் சொன்னது லாரி ஓட்டுநரை: சிற்றுந்து தள்ளியே நின்றுவிடும் என்று நம்பிப் பின்னால் வந்தது தப்பு. பணியாளர் அவசரத்தில் ஓட்டும் நிலையில் இல்லாததையும் துணைக் காரணமாக எழுதியது. என்னைக் கேட்டால், கருவியைப் பெட்டியில் மூடி வைக்கும் நடைமுறையை ஏற்றுக்கொண்ட மேலதிகாரிதான் முதலில் நிற்க வேண்டியவர்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. சத்தமே போடாத இந்த வண்டி வருவது எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உங்களுடையது, ஐயா. மின்வண்டிகள் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐ.நா. வாகன விதி ஒன்று இருக்கிறது. அது 20 கிலோமீட்டர் வேகம் வரை பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புது மின்வண்டிகளுக்கும் இது கட்டாயம்.

ஆனால் ஒலி மட்டும் போதாது. 2021இல் டோக்கியோ பாராலிம்பிக் கிராமத்துக்குள் டொயோட்டாவின் ஈ-பேலட் வண்டி, பார்வைக் குறைபாடுள்ள ஜூடோ வீரர் ஒருவர் மீது சந்திப்பில் மோதியது. வேகம் நடையைவிடக் குறைவு, இருந்தும் அவர் தன் போட்டியில் கலந்துகொள்ள முடியவில்லை. அந்த நேரத்தில் வண்டியை இயக்கியது உள்ளே இருந்த மனிதர். பிறகு எச்சரிக்கை ஒலியைக் கூட்டினார்கள், சந்திப்புகளில் வழிகாட்டிகளைக் கூடுதலாக நிறுத்தினார்கள். இன்னொன்றையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்: எந்தத் தடம், கதவு எந்தப் பக்கம் என்று உங்களுக்குச் சொல்லப்போவது யார்? இன்று அதை ஓட்டுநரும் நடத்துநரும் சொல்கிறார்கள். அது அவர்கள் வேலைப் பட்டியலில் இருக்காது.

கேள்வி: ஏசி போட்டால் பேட்டரி தாங்குமா?

பதில்: நாவ்யா வண்டியில் 33 கிலோவாட் மணி பேட்டரி. மெதுவாக ஊர்ந்தால் ஒரு பணி நேரம் ஓடும். ஏசியோ ஹீட்டரோ முழுதாகப் போட்டால் மதியமே சார்ஜர் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் பேருந்து ஓட்டுநர். என் வேலை போய்விடுமா, உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, இந்தச் சின்ன வண்டியால் போகாது. பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு பணியாளர் என்றால் எந்த நிர்வாகத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆலி (Olli) என்ற சிற்றுந்தைச் செய்த லோக்கல் மோட்டார்ஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் மூடப்பட்டது, 2023இல் நாவ்யாவும் திவால் நடவடிக்கைக்குப் போய்க் கை மாறியது. ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பல வண்டிகளைக் கவனிக்க முடிந்தால்தான் கணக்கு தேறும். அதற்கு ஜெர்மனி 2021இல் சட்டம் செய்தது, ஜப்பான் 2023 ஏப்ரலில் அனுமதித்தது. ஜப்பானுக்கு ஓட்டுநர் பற்றாக்குறை, அதனால் அவசரம். நீங்கள் கவனிக்க வேண்டியது நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் 2022 முதல் சோதித்த எட்டு மீட்டர் கர்சான் மின்பேருந்து போன்றவற்றை. அவை சாதாரணப் போக்குவரத்தில் ஓடப் பார்க்கின்றன. உங்கள் சங்கம் இப்போதே கேட்க வேண்டியது, அந்தக் கட்டுப்பாட்டு அறை வேலை யாருக்கு என்பதை.

கேள்வி: எங்கள் நகராட்சியில் ஒரு நிறுவனம் சோதனை ஓட்டம் நடத்த அனுமதி கேட்கிறது. உறுப்பினராக நான் என்ன கேட்கட்டும்?

பதில்: முதலில் தடம். பூங்காவைச் சுற்றிக் காட்டும் பாதையா, ஆட்கள் நிஜமாகவே போக வேண்டிய பாதையா? எடின்பரோ பஸ் பாலம் கடந்து நன்றாகத்தான் ஓடியது, போதிய பயணிகள் இல்லாமல் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அப்புறம், தடத்தை யார் காலியாக வைத்திருப்பது? கிரீஸின் டிரிக்கலாவில் 2015இல் நகராட்சியே தனித் தடம் பிரித்துக் கொடுத்தது. உங்களால் முடியுமா என்று போக்குவரத்துக் காவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

கடைசியாக, குறிப்பேடு. பணியாளர் எத்தனை முறை கையால் ஓட்டினார், எங்கே, ஏன், எத்தனை முறை சடன் பிரேக் விழுந்தது, இவை வாராவாரம் நகராட்சிக்கு வர வேண்டும், பொதுமக்களும் பார்க்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தொழில் ரகசியம் என்று இழுத்தால் ரிப்பன் வெட்டத் தேதி குறிக்காதீர்கள்.