கூலரைக் கடைசியாகக் கழற்றியது யார்?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவர் தொழில். காரைக்குடிக் கடை ஒன்றில் தன் கம்ப்யூட்டரின் பழைய பிராசசரை எடுத்துவிட்டு ரைசன் 5 5600 போட்டு, அதன் சூட்டைத் தணிக்கும் கூலரும் மாற்றியிருக்கிறார். கூலியோடு 13,800 ரூபாய், ஜிபேயில் கட்டியிருக்கிறார். மூன்றாம் நாளே சூடு 90 டிகிரியைத் தொட்டு மெஷின் தானாக அணையத் தொடங்கியது. கடைக்காரர் போனை எடுக்கவில்லை. வைகாசி முகூர்த்த நெருக்கடி. தெரிந்த தம்பி ஒருவரை வைத்துக் கூலரைக் கழற்றினார். பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து, சில பின்கள் வளைந்து, ஒன்று ஒடிந்துவிட்டது. கடைக்காரர் இப்போது கைவிரிக்கிறார். பங்காளி முறை வேறு. பத்துப் பேர் முன்னால் மரியாதையில்லாமல் பேசினாராம்.

அன்புள்ள ஐயா,

பங்காளி பேசியதை இங்கேயே விட்டுவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் அதற்கு மதிப்பில்லை. 'தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று கடைக்காரர் மிரட்டியதற்கும் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவிலேயே விலக்கு இருக்கிறது.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: பின் ஒடிந்தபோது மெஷின் யார் கையில் இருந்தது? உங்கள் கையில்.

உங்கள் மதர்போர்டு ஏஎம்4 வகை, ரைசன் போன்ற ஏஎம்டி நிறுவனப் பிராசசர்களுக்கானது. அதில் 1331 பின்களும் பிராசசரின் அடியிலேயே இருக்கும். இன்டெல்லில் போர்டில் இருக்கும் பின்கள் இதில் பிராசசரில். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் ஆறி இறுகிய பிறகு கூலரை நேராக இழுத்தால், பிராசசரைப் பிடித்துவைக்கும் சாக்கெட் லிவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூடவே வந்துவிடும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் இதை முதல் குறுக்கு விசாரணையிலேயே கேட்பார்.

இதைவிட வருத்தம், கடைக்காரர் தவறு செய்திருந்தால் அதற்கு இருந்த ஒரே சாட்சியும் அந்தப் பேஸ்ட்தான். போதவில்லையா, ஒரு மூலையில் மட்டும் பட்டிருந்ததா, திருகு சமமாக இறுகவில்லையா என்பதெல்லாம் முதல்முறை திறக்கும்போது மட்டுமே தெரியும். குறைபாட்டைச் சோதிக்க வேண்டியிருந்தால் 38(2)(c) பிரிவின்படி ஆணையமே பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். தம்பி துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவிய பிராசசரைப் பார்த்து ஆய்வகம் என்ன எழுதும்? 'எந்தக் கட்டத்தில் சேதம் என்று கூற இயலவில்லை' என்றுதான். இப்படி ஜெயிக்க வேண்டிய வழக்கைத் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழுதானதும் முதல் வேலையாகத் திறந்து பார்க்கிறார்கள். ஃபிரிட்ஜானாலும் மோட்டாரானாலும் அதே கதைதான்.

'நாங்களே திறந்து பார்த்தோம், பேஸ்ட்டே சரியில்லை' என்று கடைக்காரருக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தியைப் பெரிய ஆதாரமாக எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது உங்கள் ஒப்புதல் வாக்குமூலம். இனி ஒரு வரிகூட அவருக்கு வாட்ஸப்பில் எழுதாதீர்கள். குரல் பதிவும் வேண்டாம்.

சரி, கையில் என்ன மிச்சம்? பில். கடைக்காரர் தந்தது துண்டுச்சீட்டில் எழுதிய எஸ்டிமேட் என்கிறீர்கள். முறையான பில் தராதது 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே கணக்கு அப்படியே இருக்கிறது. பிராசசர் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணையும் பிராசசரின் மேல் உலோக மூடியில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். மூடியைத் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். எண் பொருந்தாவிட்டால் வழக்கின் முகமே மாறும். அப்போது எனக்கு எழுதுங்கள்.

பொருந்தினால், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. அதை நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அது இழுக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சிவகங்கை போய்வந்தால் ஒருநாள் வேலை போச்சு. போன ஆல்பம் ஆர்டருக்கு 60,000 கேட்கிறீர்கள். எழுத்தில் ஆர்டர் இல்லாமல் அது கிடைக்காது.

கடைக்காரரிடம் புதுப் பிராசசருக்குப் பாதி விலையும், கூலியில்லாமல் மாட்டித் தருவதும் கேளுங்கள். பில் விஷயம் இருப்பதால் இறங்கி வருவார். அவர் மாட்டுவதற்கு முன், ஒடிந்த பின் துண்டு சாக்கெட் ஓட்டைக்குள் சிக்கியிருக்கிறதா என்று அவர் கண்ணெதிரே லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிக்கியிருந்தால் போர்டுக்கான செலவும் பேச்சில் சேரும். உடன்பாட்டைத் தாளில் எழுதி, சீரியல் எண்ணோடு முறையான பில் வாங்குங்கள். கடையிலேயே ஒரு மணி நேரம் கனமான வேலை கொடுத்து ஓட்டி, சூட்டைப் படம் எடுத்த பிறகே 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுங்கள். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதுவரை அந்தப் பின் ஒடிந்த பிராசசரை யாருக்கும் கொடுக்காதீர்கள், தம்பி கையிலும்.