நிற்பவரின் குளிர்

ஐயா,

கடுங்குளிரில் கால்பந்து ஆடுவதைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பதே முறை என்று அதில் எழுதியிருந்தீர்கள். வெளியே நின்று பார்ப்பவரின் அச்சம் அது என்றே எனக்குத் தோன்றியது. நான் ஒன்பது ஆண்டுகளாகக் குளிர்நாடு ஒன்றில் வாழ்கிறேன். வார இறுதிகளில் நண்பர்களோடு நடுக்களத்தில் ஆடுகிறேன். முதல் பத்து நிமிடம் மூச்சு எரியும், காது வலிக்கும். அதன்பின் குளிர் இருப்பதே மறந்துபோகும், உள்சட்டை வியர்வையில் ஊறிவிடும். வெயிலில் ஆடி மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிரில் ஆடி விழுந்த ஒருவரையும் பார்த்ததில்லை. என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, சிறுவர் அணி ஒன்றில் கோல்கீப்பர். குளிர்காலம் வந்தால் ஆடப் போகமாட்டேன் என்கிறான். ஓடினால் சூடாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவைக்கிறேன். குளிரைத் தாங்குவது பெரும்பாலும் மன உறுதியைப் பொறுத்தது என்பது என் எண்ணம். உங்கள் கருத்தை மறுபரிசீலனை செய்வீர்களா?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஓடும் உடல் ஓர் அடுப்பு. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது என்பதால், நடுக்களத்தில் இடைவிடாமல் ஓடுகிற ஒருவருக்கு மைனஸ் 10 டிகிரியிலும் வியர்க்கும். நீங்கள் குளிரை மறந்துபோவது உண்மைதான். ஆனால் ஒரு களத்தில் இருக்கும் எல்லோரும் உங்களைப் போல ஓடுவதில்லை. கோல்கீப்பர் நிற்கிறார், மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பயிற்சியாளர் கோட்டோரத்தில் காத்திருக்கிறார். ஆட்டத்தை நடத்தலாமா கூடாதா என்பதை ஓடுபவரின் உடலை வைத்து முடிவுசெய்வதே இந்த விஷயத்தில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை என்று நான் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மைனஸ் 12 டிகிரியில் நடந்த ஓர் உள்ளூர் அணிகளின் ஆட்டத்தைக் கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் பக்கம் நின்ற கோல்கீப்பரின் அணி அன்று மிக நன்றாக ஆடியது. அதனாலேயே அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. முதலில் குதித்துக்கொண்டிருந்தார், கம்பத்திலிருந்து கம்பத்துக்கு நடந்தார், கையுறைகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டார். அரைமணி நேரத்துக்குப் பின் அதையும் நிறுத்திவிட்டுத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றார். முதல் பந்து அவரை நோக்கி வந்தபோது அது ஒன்றும் கடினமான அடி அல்ல. நேராக மார்புக்கு வந்தது. கைகளை உயர்த்தினார், ஆனால் விரல்கள் மூடவில்லை, பந்து நழுவி உள்ளே போயிற்று. இடைவேளையில் தன் கையுறையின் பட்டையைத் தானே பிரிக்க முடியாமல் அவர் தோழர் ஒருவரிடம் கையை நீட்டியதைப் பார்த்தேன். கையுறை கழன்றதும் பார்த்தால், மூன்று விரல்நுனிகள் மெழுகைப் போல வெளுத்திருந்தன. வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார். அந்த 'இல்லை' என்ற சொல்தான் என்னை இன்றுவரை கலங்கவைக்கிறது, ஏனென்றால் பனிக்கடியின், அதாவது கடுங்குளிரில் தோலும் திசுவும் உறைந்துபோவதன், தொடக்கத்தில் உணர்வே போய்விடுகிறது. பக்கத்தில் இருந்த ஒருவர் அன்போடு அந்த விரல்களைத் தேய்க்கத் தொடங்கினார். அதுவும் செய்யக்கூடாத காரியம். உறையத் தொடங்கிய திசுவைத் தேய்த்தால் அது மேலும் சிதையும்.

இதில் மன உறுதிக்கு இடம் எங்கே என்று யோசித்துப் பாருங்கள். விரல்களுக்குள் தசை கிடையாது. அவற்றை இயக்கும் தசைகள் உள்ளங்கையிலும் முன்கையிலும் இருக்கின்றன. ஆகவே விரல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, இரத்தம் கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. உடல் குளிரும்போது நெஞ்சையும் வயிற்றையும் மூளையையும் காப்பதற்காக, கைகால்களின் நுனிக்குப் போகும் இரத்தநாளங்கள் சுருங்கிக்கொள்கின்றன. இது நம் சம்மதத்தைக் கேட்டு நடப்பதில்லை. எவ்வளவு உறுதியுள்ளவராக இருந்தாலும், அசையாமல் நிற்கும் கோல்கீப்பரின் உடல் அவருடைய விரல்களைத்தான் முதலில் கைவிடும்.

2022 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் நடந்த உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 16 டிகிரி. காற்று வேறு வீசியது. ஹோண்டுராஸை அமெரிக்கா 3-0 என்று வென்றது. இடைவேளைக்குப் பின் ஹோண்டுராஸ் அணியின் கோல்கீப்பர் லூயிஸ் லோபஸும் முன்கள வீரர் ரோமெல் கியோட்டோவும் களத்துக்குத் திரும்பவில்லை. கடுங்குளிரே காரணம் என்று அவர்கள் தரப்பு அறிவித்தது. இவர்கள் தங்கள் நாட்டுக்காக ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு உறுதி போதவில்லை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் குளிரில் கால்பந்தே வேண்டாம் என்கிறவன் அல்ல. 2021 நவம்பரில் கனடாவின் எட்மண்டனில் மைனஸ் 9 டிகிரியில் மெக்சிகோவைக் கனடா 2-1 என்று வென்றபோது, கனடா வீரர் சாம் அடெகுக்பே ஓடிப்போய்க் களத்தோரம் குவித்திருந்த பனிக்குவியலில் பாய்ந்தாரே, அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். நார்வேயின் பூடோ நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து வரும் பூடோ கிளிம்ட் அணி 2021 அக்டோபரில் தன் மைதானத்தில் இத்தாலியின் ரோமா அணியை 6-1 என்று வீழ்த்தியது. ஆனால் குளிரை அன்றாடம் அறிந்த அந்த நாடுகளே தங்கள் லீக் ஆட்டங்களை வசந்தகாலத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தோடு முடித்துக்கொள்கின்றன. ரஷ்யா 2011-12 முதல் இலையுதிர்காலத்திலிருந்து வசந்தகாலம் வரை என்று தன் லீக்கை மாற்றிக்கொண்டபோதும், நடுவில் மூன்று மாத அளவுக்கு நீண்ட குளிர்கால இடைவெளி விட்டுத்தான் மாற்றியது. அச்சம் கொண்டவர்கள் எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது.

வெயிலோடு நீங்கள் செய்த ஒப்பீட்டில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் அது உங்கள் வாதத்துக்கு எதிராகத் திரும்புகிறது. ஆட்ட விதிகளின் 7ஆம் விதி, வெப்பம் மிகுந்த நாட்களில் ஒன்றரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை உடலைத் தணித்துக்கொள்ளும் இடைவெளிக்கு வழிசெய்கிறது. வெயிலில் நிறுத்தினால் உடல் மீளும். குளிரில் நிறுத்தினால் உடல் கெடும். வியர்வையில் ஊறிய உங்கள் உள்சட்டை, நீங்கள் ஓடும்வரை ஒன்றும் செய்யாது. ஒருவர் காயமுற்று ஆட்டம் ஐந்து நிமிடம் நின்றால் அந்த ஈரமே உங்கள் சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும். இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் தசைகளின் சூடு இறங்கிவிடுகிறது. குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும், கிழிபடும் வாய்ப்பும் மிகும். ஆகவே களத்தில் இறங்கிய பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது வெயிலுக்கு ஓரளவு பொருந்தும், குளிருக்குப் பொருந்தாது. முடிவை ஆட்டம் தொடங்குமுன்பே எடுத்தாக வேண்டும்.

பந்தும் தரையும்கூட இதே கதைதான். ஒரு பந்துக்குள் வெளிக்காற்றைவிட 0.6 முதல் 1.1 வளிமண்டல அளவு கூடுதலான அழுத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. 20 டிகிரி சூடுள்ள அறையில் 0.8 அளவுக்குக் காற்றடித்த பந்தை மைனஸ் 15 டிகிரியில் வைத்தால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, அழுத்தம் 0.6க்குச் சற்றுக் கீழேயே இறங்கிவிடும். மேலுறையோ விறைத்துக் கல்லாகும். தரையைப் பொறுத்தவரை, முழுவதும் உறைந்த தரையைவிடப் பாதி உறைந்த தரை எனக்கு அதிக அச்சம் தருகிறது. பார்வையாளர் மாடத்தின் நிழல் விழும் பகுதி கட்டாந்தரையாகவும் வெயில் படும் பகுதி சேறாகவும் இருக்கும்போது, எந்தக் காலணியை அணிந்தாலும் பாதி மைதானத்துக்கு அது தவறான காலணி. ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் புல்தரைக்கு அடியில் வெப்பமூட்டும் அமைப்பு கட்டாயம். அதனால் தரை இளகியிருக்கும். மேலே நிற்பவரின் விரல்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஒரு திருத்தத்தை நான் செய்தே ஆக வேண்டும். மைனஸ் 15 என்று ஒற்றை எண்ணை மட்டும் எழுதியது என் பிழை. காற்றைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 26 போல இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் அதே காற்று வீசினால் மைனஸ் 33. உணரும் குளிர் மைனஸ் 28 அளவை எட்டினால், திறந்த தோலில் அரைமணி நேரத்துக்குள் பனிக்கடி ஏற்படலாம் என்று எச்சரிக்கிறார்கள். ஆட்டத்தின் ஒரு பாதியே 45 நிமிடம். காற்றில்லாத மைனஸ் 15இல், நன்கு உடுத்திய பெரியவர்கள் தாங்களே விரும்பி ஆடினால் நான் தடுக்க வரமாட்டேன். காற்று வீசும் மைனஸ் 15 வேறு.

இனி உங்கள் மகனைப் பற்றி. கடிதத்தின் மற்ற பகுதிகளுக்கு நாள்கழித்தே பதில் எழுதியிருப்பேன். இதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். சிறுவர்களுக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் பெரியவர்களைவிட விரைவாகக் குளிர்ந்துபோவார்கள். ஓடினால் சூடாகிவிடும் என்று அவனிடம் சொல்கிறீர்கள், ஆனால் ஓடக்கூடாத இடத்தில்தான் அவன் நிறுத்தப்பட்டிருக்கிறான். நீங்கள் நடுக்களத்தில் அறிந்த குளிரும் அவன் கோல்கம்பங்களுக்கு நடுவே அறியும் குளிரும் ஒன்றல்ல. அவன் மறுப்பதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்.

அவன் ஆட விரும்பும் நாட்களில், கோல்கீப்பர் கையுறைக்குள் மெல்லிய கம்பளி உறை ஒன்றை அணியச் சொல்லுங்கள். அது கையை இறுக்காத அளவில் இருக்க வேண்டும், இறுக்கினால் வருகிற இரத்தமும் நின்றுவிடும். உடம்போடு ஒட்டும் பருத்திச் சட்டை வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். இடைவேளைக்கு உலர்ந்த உள்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். பயிற்சியாளரிடம் பேசி, பாதி ஆட்டத்துக்கு ஒருமுறை கோல்கீப்பரை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சிறுவர் ஆட்டத்தில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இடைவேளையில் நீங்களே போய் அவன் கையுறைகளைக் கழற்றி, பத்து விரல்நுனிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று வெளுத்திருந்தாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. உள்ளே அழைத்துப்போய், தேய்க்காமல், உங்கள் முழங்கைக்கு இதமாகப் படும் வெதுவெதுப்பான நீரில் கையை வையுங்கள். நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்.