ஹாரிஸ்மித்தில் ஓர் இரவு

அன்புள்ள அம்மா,

நான் திருநெல்வேலிக்காரன். வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்து, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். ஈஸ்டர் விடுமுறைக்கு நண்பரின் கேரவனை இழுத்துக்கொண்டு போய், ஹாரிஸ்மித் பக்கத்தில் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் அணைக்கரையில் நான்கு இரவு தங்கலாம் என்று திட்டம். நீர், மலை, நடப்பதற்குப் பாதைகள் எல்லாம் கிட்டத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகள் இப்போதே குதிக்கிறார்கள். எங்களோடு இருக்கும் அத்தை (மனைவியின் அம்மா, 74 வயது) மட்டும் வரமாட்டேன் என்கிறார். "அங்கெல்லாம் நம்ம ஆளுங்க தங்கமாட்டாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஹீட்டர் இருக்கிறது, குளியலறை சுத்தமாக இருக்கும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரே பிடிவாதம். இந்தப் பழைய பஞ்சாங்கத்தை எப்படி மாற்றுவது? கோயில் நண்பர்களும், கேரவன் எல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டு இதென்ன என்கிறார்கள். 9, 6 வயதுப் பிள்ளைகளை சென்டினல் மலையின் சங்கிலி ஏணியில் ஏற்றலாமா? முதல் தடவை கேரவனில் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு வாசகர், ஜோஹன்னஸ்பர்க்

அன்புள்ள தம்பி,

ஆறு வயதுப் பிள்ளையை அந்த ஏணியில் ஏற்றாதீர்கள். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

ஹாரிஸ்மித்தில் படுத்துத் தூங்கலாம் வாருங்கள் என்று 74 வயது டர்பன்காரப் பெண்மணியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர் மறுத்ததும் பிடிவாதம், பழைய பஞ்சாங்கம் என்று எனக்கு எழுதுகிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது. இந்த நாட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு மாப்பிள்ளையாகப் போனவர் நீங்கள். அந்தக் குடும்பம் எந்தச் சாலையில் எப்படிப் போய்வந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

ஹாரிஸ்மித் இருப்பது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில். ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் தனிக் குடியரசாக இருந்தபோதே, 1891-ல், இந்தியர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டு, இருந்த வியாபாரிகளையும் வெளியேற்றினார்கள். குடியரசு போனது, பிரிட்டிஷ் ஆட்சி வந்தது, தென்னாப்பிரிக்க யூனியன் வந்தது, அப்பார்தைட் என்ற நிறவெறி ஆட்சி வந்தது. அந்தத் தடை மட்டும் போகவில்லை. 1980-களின் நடுப்பகுதி வரைக்கும் இருந்தது. இந்தியர்கள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போவதற்கே 1975 வரை பர்மிட் எடுக்க வேண்டியிருந்தது. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போக ஹாரிஸ்மித் வழியாகப் போகும் சாலை ஃப்ரீ ஸ்டேட்டைக் கடந்துதான் போகும். கடக்கலாம், தங்கக் கூடாது. அந்தத் தடை போனபோது உங்கள் அத்தைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவருடைய பாதி ஆயுளுக்கு அந்த ஊரில் இரவு தங்குவது குற்றம், தம்பி.

எங்கள் பெரியம்மா ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருந்தார். அவர் வீட்டு விசேஷங்களுக்கு அப்பா எங்களை ஒரு பழைய பியூஜோவில் கூட்டிப்போவார். இருட்டிய பிறகுதான் டர்பனிலிருந்து கிளம்புவோம். உருளைக்கிழங்குக் கறியை ரொட்டியில் வைத்துச் சுருட்டி, மெழுகுத்தாளில் பொட்டலம் கட்டி அம்மா மடியில் வைத்திருப்பார். லேடிஸ்மித்தில் பெட்ரோல் டேங்க் நிறைய நிரப்பிக்கொள்வோம். அங்கேயே எல்லோரும் ஒருமுறை இறங்கி ஏறிவிட வேண்டும். வான் ரீனன் கணவாயில் வண்டி முனகிக்கொண்டே ஏறும். மேலே போய் ஹாரிஸ்மித் விளக்குகள் தெரிந்ததும் அப்பா ரேடியோவை அணைத்துவிடுவார். எதற்கு அணைத்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ரேடியோ கேட்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஹாரிஸ்மித், வார்டன், வில்லியர்ஸ் என்று ஊர் ஊராகத் தாண்டி, ஃப்ரீ ஸ்டேட் எல்லையான வால் நதிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால்தான் வண்டி நிற்கும். என் தம்பிக்கு அவசரம் வந்தால் காலுக்கடியில் ஒரு பால்மாவு டின் இருந்தது. மூடி இறுக்கமான டின்னாகப் பார்த்து அம்மா எடுத்து வைத்திருப்பார். எனக்கும் அக்காவுக்கும் அதுவும் கிடையாது. பெண்பிள்ளைகள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

அப்பா இதை ஒருநாளும் எங்களுக்கு விளக்கியதில்லை. "இங்கே நிக்கமாட்டோம்மா" என்பார், அவ்வளவுதான். உங்கள் அத்தை சொன்னதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தலைமுறைக்கு அவமானத்தைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லத் தெரியாது, சொல்ல மனமும் வராது. அதனால் குடும்ப வழக்கம்போல ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியைக் கேட்டுவிட்டு நீங்கள் ஹீட்டர் இருக்கிறது என்கிறீர்கள்.

இனி கோயில் நண்பர்கள். உண்மையில் அவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள், தெரிந்திருக்க வேண்டும். "கேம்பிங் நம்ம பழக்கமில்லை" என்று கல்யாண வீடுகளில் படித்த பிள்ளைகளே சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எப்படி இல்லாமல் போனது என்று யாராவது யோசித்தார்களா? 1953-ல் தனித்தனி வசதிகள் சட்டம் வந்தது. கடற்கரை, பூங்கா, பெஞ்சு, கழிப்பறை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்தது. நல்ல மலை, நல்ல தண்ணீர், நல்ல கேரவன் பார்க் எல்லாம் வெள்ளையருக்குப் போயின. அது 1990-ல்தான் ரத்தானது. அதுவரை விடுமுறை என்றால் நமக்கு மாமா வீடு, சித்தி வீடு. ஒரே அறையில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுத்தோம். அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அதில் வளர்ந்தவள்தான் நானும். ஆனால் வேறு கதவெல்லாம் சாத்தியிருந்ததால் மாமா வீட்டுக்குப் போனவர்கள் நாம். கதவு திறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும், எங்களுக்கு மாமா வீடுதான் பிடிக்கும், மலையெல்லாம் அவர்கள் சமாச்சாரம் என்று சொன்னால், தடை போட்டவன் வேலையை நாமே சம்பளமில்லாமல் செய்கிறோம்.

பழக்கமில்லை என்பது உண்மையும் இல்லை. ஷாட் மீன் சீசனில் நம் தாத்தாக்கள் தூண்டில் கழியோடு தெற்குக் கடற்கரைப் பாறைகளில் ராத்திரி முழுக்கக் கிடந்தவர்கள்தானே? மண்ணெண்ணெய் விளக்கு, சாக்குப் படுக்கை, கல்லடுப்பில் மீன்கறி. விடிந்ததும் நேரே வேலைக்குப் போவார்கள். அதற்குப் பெயர் என்ன? வண்டிக்குப் பின்னால் கேரவன் இல்லை என்பதால் அது கணக்கில் வராதா? அதற்கும் முன்னால், 1860 முதல் கப்பலில் வந்து இறங்கி, கரும்புத் தோட்ட லைன்களில் தகரக் கூரைக்குக் கீழே வாழ்க்கையைத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், திறந்தவெளி நமக்கு ஒத்துவராது என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

மாரியம்மனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவள் கோபிக்கமாட்டாள். இசிபிங்கோவுக்கு அடுத்த வருடம் போகலாம்.

அந்த அணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெல்லைக்காரர் நீங்கள், கலிங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் வாய்) இல்லாத அணையைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஸ்டெர்க்ஃபொன்டெய்னுக்குக் கலிங்கு கிடையாது. சுவர் 93 மீட்டர் உயரம், ஆனால் அதற்கென்று பெரிய நீர்ப்பிடிப்பு இல்லை. தண்ணீரில் பெரும்பங்கு, டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணப் பக்கத்து துகேலா ஆற்றிலிருந்து மலைமேல் பம்ப் செய்து ஏற்றியது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் வறட்சி வந்தால் அங்கிருந்து திறந்துவிட்டு வால் நதிக்கு அனுப்புவார்கள். அந்த ஏற்பாடெல்லாம் நடந்தது 1970-களில். நேட்டால் தண்ணீர் மலையேறிப் போய் ஃப்ரீ ஸ்டேட்டில் தங்கிக்கொண்டது. நேட்டாலில் பிறந்த உங்கள் அத்தை அதே வருடங்களில் அங்கே ஓர் இரவு தங்க முடியாது. கரையில் நாற்காலி போட்டு உட்காரும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குப் புரியாவிட்டாலும் ஒன்பது வயதுக்குப் புரியும்.

சரி, நீங்கள் கேட்டவை. மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனை இழுக்க இபி வகை லைசென்ஸ் வேண்டும், உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். ஜிபிஎஸ் வழிகாட்டியில் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் என்று மட்டும் போட்டால் உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் குகைகளுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், அணை என்று சேர்த்துப் போடுங்கள். ஏப்ரலிலேயே அங்கே இரவு நடுங்கும், தண்ணீர்மேல் காற்றும் பலமாக அடிக்கும். கேரவன் வாசலில் போடும் முன்பந்தலை நன்றாக முளையடித்துக் கட்டுங்கள். கேஸ் அடுப்பைக் கேரவனுக்குள் மூட்டிக் குளிர்காயாதீர்கள், மூச்சு முட்டிச் சாவு வரும். சென்டினலுக்குக் கேரவனை இழுத்துப் போகாமல் காரில் மட்டும் போங்கள். தனியாக நடக்காமல் ஆட்களோடு சேர்ந்து நடங்கள். ஏணியடி வரை பிள்ளைகள் நடக்கட்டும், அதுவே அவர்களுக்குப் போதும். ஒருநாள் கோல்டன் கேட் பூங்காவுக்குப் போனால், க்ளென் ரீனனிலிருந்து பிராண்ட்வாக் பாறைமேல் ஏறச் சின்னப் பாதை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு ஏற்றது. அத்தைக்கு முழங்கால் வலி என்றால் அவர் கீழே உட்கார்ந்தே அந்த மஞ்சள் பாறையைப் பார்க்கலாம்.

அத்தையை வற்புறுத்தாதீர்கள். இந்தக் கடிதத்தையும் காட்ட வேண்டாம், நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டதாக இருக்கக் கூடாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் ஜோஹன்னஸ்பர்க் எப்படிப் போவீர்கள், எங்கே பெட்ரோல் போடுவீர்கள், எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். உங்கள் மனைவியும் கூட இருக்கட்டும், அவளுக்கும் தெரிந்திருக்காது. பேச ஆரம்பித்தால் குறுக்கே போகாமல் கேளுங்கள். எல்லாம் சொல்லிவிட்டு, அப்போதும் வரமாட்டேன் என்றால் அது அவர் இஷ்டம். தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துவிட்டு நீங்கள் போய்வாருங்கள்.

அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், அவர் சம்மதித்தால் மட்டும். இந்தத் தளத்தில் அதற்கு இடம் உண்டு.

அன்புடன்,
அம்மா